காலையில் எழாத கணினி: கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ப்ராசசர் சாக்கெட் பழுது குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் கணினி, கோத்தகிரி வட்டாரத்துச் சிறு விவசாயிகளிடமிருந்து பசுந்தேயிலையை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலையின் எடை அறையில் இருந்தது. எடைமேடையிலிருந்து ஒரு சீரியல் கேபிள் நேராக அதன் பின்புறத்துக்கு வரும். மூட்டை மேடையில் ஏறியதும் எடை திரையில் விழும். கணக்கர் அம்மா விவசாயியின் எண்ணைத் தட்டினால் சீட்டு அச்சாகும். மாத முடிவில் அந்தச் சீட்டுகளின் கூட்டுத்தொகைதான் விவசாயியின் கைக்குப் பணமாக வருகிறது. அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்தச் சீட்டில் ஒரு கிலோ குறைந்தாலும் அது பெரிய விஷயம் என்பதால், அந்த இயந்திரத்தை நான் ஒருபோதும் சாதாரண அலுவலகக் கணினியாக நினைத்ததில்லை.

உள்ளே இருந்தவை: கணினியின் மூளையான இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 ப்ராசசர், எச்110 சிப்செட் (ப்ராசசருக்குத் துணையான சில்லு) கொண்ட மதர்போர்டு, தலா 4 ஜிபி கொண்ட இரண்டு டிடிஆர்4 ரேம்கள். மதர்போர்டில் ப்ராசசர் அமரும் இடம் எல்ஜிஏ 1151 வகைச் சாக்கெட். பழுது தோன்றிய ஆண்டின் ஜூன் மாதத்தில் எங்கள் கணினி பழுதுபார்க்கும் கடையிலிருந்து, என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் சென்று அதைச் சுத்தம் செய்து வந்திருந்தார். பதிவேட்டில் "தூசி எடுக்கப்பட்டது, பேஸ்ட் மாற்றப்பட்டது" என்ற ஒரே வரி மட்டும் இருந்தது. பேஸ்ட் என்பது ப்ராசசரின் சூட்டை அதன் மேலுள்ள ஹீட்சிங்குக்கு, அதாவது குளிர்விக்கும் உலோகத் தொகுதிக்கு, கடத்தும் பசை.

முறையீடும் முதல் இரண்டு வருகைகளும்

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் அழைப்பு வந்தது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால், தென்மேற்குப் பருவமழையைவிட ஐப்பசி, கார்த்திகை மழையே இங்கு அதிகம் நின்று பெய்யும். எடை அறையின் ஒரு பக்கச் சுவர் அந்த மாதங்களில் எப்போதும் நீர் கோத்திருக்கும். கணக்கர் அம்மா சொன்னது இது: "தம்பி, காலையில எழுந்திரிக்கவே மாட்டேங்குது. ஃபேன் மட்டும் சுத்துது, திரையில ஒண்ணும் வரல. பதினோரு மணிக்கு மேல கொஞ்சம் வெயில் பட்டா தானா வந்துருது."

மலையில் இந்த வேலையைச் செய்பவர்கள் யாராக இருந்தாலும் இதைக் கேட்டவுடன் ஈரம் என்றுதான் முடிவு கட்டுவார்கள். நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். முதல் வருகையில் ரேம்களைக் கழற்றி, அவற்றின் பொன்முனைகளை அழிப்பானால் தேய்த்து, ஸ்லாட்டுகளில் சூடான காற்றைச் செலுத்தி, மறுபடி அழுத்திப் பொருத்தினேன். கணினி உடனே எழுந்தது. நான்கு நாட்கள் ஓடியது. ஐந்தாம் நாள் காலையில் மீண்டும் அதே நிலை. இரண்டாம் வருகையில் அதையே இன்னும் கவனமாகச் செய்தேன். கணினியைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றிவைத்தேன். மின்பெட்டியின் வோல்டேஜையும் அளந்து சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டேன். இம்முறை மூன்றே நாட்கள் தாங்கியது.

இரண்டாம் வருகையின்போது ஒரு தடயம் கண்ணில் பட்டும் அதை நான் பின்தொடரவில்லை. கணினி எழுந்த பிறகு விண்டோஸ் 8 ஜிபிக்குப் பதிலாக 4 ஜிபி மட்டுமே காட்டியது. ரேமை ஒருமுறை அழுத்தியதும் 8 ஜிபி வந்துவிட்டதால், ஸ்லாட் அழுக்கு என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். இடைப்பட்ட நாட்களில் கணினி எழாத வேளைகளிலெல்லாம் எடை அறையில் கைச்சீட்டு எழுதினார்கள். மழையில் நனைந்த மூட்டைகளுடன் விவசாயிகள் வரிசையில் நின்றார்கள்.

சாக்கெட்டில் நடப்பது என்ன

மேற்கொண்டு எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள, ப்ராசசரும் மதர்போர்டும் எப்படித் தொட்டுக்கொள்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். பென்டியம் 4 காலத்துச் சாக்கெட் 478 வரை, இன்டெல் மேசைக்கணினி ப்ராசசர்களின் அடிப்பக்கத்தில்தான் ஊசிகள் இருந்தன. சாக்கெட்டில் துளைகள் இருக்கும்; பக்கத்து நெம்புகோலைத் தூக்கினால் துளைகளின் பிடி தளரும், ப்ராசசர் தன் எடையிலேயே உள்ளே இறங்கும், நெம்புகோலை இறக்கினால் பிடி இறுகும். 2004-இல் எல்ஜிஏ 775 வந்தபோது இது தலைகீழானது. ப்ராசசரின் அடியில் பொன்முலாம் பூசிய தட்டையான பொட்டுகள் மட்டுமே இருந்தன. ஊசிகளின் வேலையை, சாக்கெட்டில் சாய்ந்து நிற்கும் வில்போன்ற கம்பிகள் ஏற்றுக்கொண்டன. எளிதில் கெடும் உறுப்பு ப்ராசசரிலிருந்து மதர்போர்டுக்கு இடம் மாறியது என்பதுதான் பழுதுபார்ப்பவருக்கு இதில் முக்கியமான செய்தி. ஏஎம்டி நிறுவனம் தன் வழக்கமான மேசைக்கணினி ப்ராசசர்களில் ஏஎம்4 வரை, அதாவது 1,331 ஊசிகள் கொண்ட ப்ராசசர்கள் வரை, பழைய முறையிலேயே இருந்து, 2022-இல் 1,718 தொடுமுனைகள் கொண்ட ஏஎம்5 மூலம் இந்தப் பக்கம் வந்தது.

எல்ஜிஏ 1151 என்ற பெயரில் உள்ள எண், கம்பிகளின் எண்ணிக்கையே. தீப்பெட்டி அளவுள்ள பரப்பில் 1,151 கம்பிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ப்ராசசரை வைத்து நெம்புகோலை இறக்கும்போது, மேலிருக்கும் இரும்புச் சட்டம் பல பத்து கிலோ எடைக்குச் சமமான விசையுடன் அதை அழுத்துகிறது. ஒவ்வொரு கம்பியும் சற்று வளைந்து, தன் நுனியால் பொட்டின் மேல் சிறிதளவு தேய்ந்து அமர்கிறது. அந்தத் தேய்ப்புதான் நல்ல தொடர்பைத் தருகிறது.

இந்தக் கம்பிகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில நூறு கம்பிகள் மின்சாரத்தையும் தரையிணைப்பையும் மட்டுமே சுமப்பவை. அவற்றில் ஒன்று தொடாவிட்டால் பல சமயம் வெளியில் எதுவுமே தெரியாது. ஆனால் ரேமுக்கான கட்டுப்பாடு இந்தத் தலைமுறைகளில் ப்ராசசருக்குள்ளேயே இருப்பதால், ஒவ்வொரு ரேம் சேனலின் (ப்ராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான தனிப்பாதையின்) 64 தரவுத் தடங்களும், அவற்றுடன் முகவரி, கடிகாரத் தடங்களும் சாக்கெட்டின் வழியாகவே செல்கின்றன. அவற்றில் ஒன்று தவறினாலும் அந்தச் சேனல் முழுவதும் கெட்டுவிடும். எச்110 போர்டில் இரண்டே ஸ்லாட்டுகள், சேனலுக்கு ஒன்று. ஆகவே ஒரு கம்பி தொடாமல் போனால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு ஸ்லாட் செத்துப்போனது போலவே தோன்றும்.

மூன்றாம் வருகை

நவம்பர் முதல் வாரத்தில் மூன்றாம் முறை சென்றபோது, முதல் வருகையிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். ஒரு ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில் வைத்தேன், எழுந்தது. அதே ரேமை இரண்டாம் ஸ்லாட்டுக்கு மாற்றினேன், எழவில்லை. மற்ற ரேமை வைத்துப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. ரேம்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, பழுது இரண்டாம் சேனலில் இருக்கிறது என்பது அப்போது தெளிவானது.

அடுத்து, ஸ்லாட்டா, சாக்கெட்டா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு ரேம்களையும் பொருத்தி, ஸ்லாட்டைத் தொடாமல், ப்ராசசர் மேலுள்ள ஹீட்சிங்கின் ஒரு மூலையை மட்டும் விரலால் மெல்ல அழுத்தியபடி கணினியைப் போட்டேன். கணினி எழும்போது முதலில் வரும் பயாஸ் திரையில் 8 ஜிபி வந்தது. அணைத்து, விரலை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், 4 ஜிபி. ஐந்து முறை மாற்றி மாற்றிச் செய்தும் ஐந்து முறையும் அப்படியேதான் இருந்தது. முதல் இரண்டு வருகைகளில் கணினி ஏன் "சரியானது" என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அதைச் சரியாக்கியது அழிப்பானோ சூடான காற்றோ அல்ல. ரேமை ஸ்லாட்டில் அழுத்தும்போது போர்டு இம்மியளவு வளைந்து, சாக்கெட்டில் தொங்கலில் இருந்த ஏதோ ஒரு கம்பி மறுபடி பொட்டைத் தொட்டிருக்கிறது. காலைக் குளிரில் பிளாஸ்டிக்கும் உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதை, உறுதியாகத் தொடும் கம்பி பொருட்படுத்தாது. மயிரிழையில் தொடும் கம்பி விலகிவிடும். வெயிலால் கணினி எழுந்ததை நான் ஈரம் காய்ந்ததாக எடுத்துக்கொண்டது அங்கேதான் பிழையானது.

இரண்டாவது ரேமை எடுத்துவிட்டு 4 ஜிபியுடன் கணினியை ஓடவிட்டேன். வேகம் சற்றுக் குறைந்தாலும் எடைக்கணக்குக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை முதல் தொல்லையின்றி எழுந்தது. பதினைந்து நாட்களுக்கு முன்பே, முதல் வருகையிலேயே, இதைச் செய்திருந்தால் ஒரு கைச்சீட்டுகூட எழுதப்பட்டிருக்காது. இந்த நிகழ்வில் என்னை இன்றும் உறுத்துவது அதுதான்.

முன்னிருந்த வழிகள்

தொழிற்சாலை மேலாளருடன் உட்கார்ந்து வழிகளைப் பேசினோம். முழுவதும் புதிய கணினி வாங்குவது ஒரு வழி. ஆனால் கணக்கு மென்பொருளின் உரிமம் அந்த மதர்போர்டுடன் பிணைக்கப்பட்டிருந்தது. எடைமேடைக்குத் தேவையான சீரியல் போர்ட் அதன் பின்புறத்திலேயே இருந்தது. இரண்டையும் மாற்றியமைக்க மென்பொருள்காரர் கோயம்புத்தூரிலிருந்து ஏறி வர வேண்டும். மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் அதை மேலாளர் விரும்பவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

இரண்டாவது வழி பழைய போர்டு தேடுவது. மேலாளரின் உறவினர் ஒருவர் கோயம்புத்தூரில் ஒரு போர்டைப் பார்த்துப் படம் அனுப்பியிருந்தார். பெட்டியில் 1151 என்று அச்சிட்டிருந்தது, விலையும் கட்டுப்படியானது. "அதே சாக்கெட்தானே, வாங்கிவிடலாமா?" என்று மேலாளர் கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எச்310 சிப்செட். வேண்டாம் என்றேன். 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை ப்ராசசர்களை வெளியிட்டபோது இன்டெல் அதே 1151 சாக்கெட்டின் வடிவத்தை வைத்துக்கொண்டு, முன்பு ஒதுக்கி வைத்திருந்த கம்பிகளில் சிலவற்றை மின்சாரத்துக்கும் தரையிணைப்புக்கும் மாற்றியது. 300 வரிசைச் சிப்செட் போர்டுகளில் ஆறாம், ஏழாம் தலைமுறை ப்ராசசர்களுக்கு இன்டெலின் ஆதரவு இல்லை; 100, 200 வரிசைப் போர்டுகளில் எட்டாம் தலைமுறைக்கும் இல்லை. ப்ராசசர் ஒழுங்காக அமரும், நெம்புகோலும் இறங்கும், ஆனால் கணினி எழாது. சாக்கெட்டின் பெயரை மட்டும் பார்த்து போர்டு வாங்கி ஏமாந்தவர்கள் மலையில் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். சாக்கெட்டுடன் சிப்செட்டையும், போர்டு நிறுவனம் தரும் ப்ராசசர் பட்டியலையும் சேர்த்துப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

மூன்றாவது வழி, இருக்கும் சாக்கெட்டைத் திறந்து கம்பியை நிமிர்த்துவது. கம்பி உடைந்தால் போர்டு முழுவதும் போய்விடும் என்பதை மேலாளரிடம் மறைக்காமல் சொன்னேன். தரவுகளை இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் நகலெடுத்து, ஒன்றை அவர் வீட்டில் வைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை இலை வராது என்பதால் அன்று காலை வேலையைத் தொடங்குவதாக முடிவாயிற்று.

திறந்து பார்த்ததும் நிமிர்த்தியதும்

பேஸ்ட் இளகுவதற்காகக் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, ஹீட்சிங்கை இருபுறமும் மெல்லத் திருகி எடுத்தேன். எல்ஜிஏ வகையில் இரும்புச் சட்டம் ப்ராசசரைப் பிடித்திருப்பதால் இந்தக் கட்டத்தில் அச்சம் குறைவு. ஏஎம்4 வகையில் அப்படியில்லை. காய்ந்த பேஸ்டோடு ப்ராசசரும் ஒட்டிக்கொண்டு வெளியே வந்து ஊசிகள் வளைந்த ஒன்றைக் குன்னூரில் ஒரு வீட்டில் கண்டிருக்கிறேன். அங்கே 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலின் வெற்றுக் குழாயை ஊசியில் செருகி நிமிர்த்த முடிந்தது. இங்கே அந்த வித்தை பயன்படாது.

நெம்புகோலைத் தூக்கி, ப்ராசசரை ஓரங்களில் பிடித்து நேர்மேலே எடுத்து, முதலில் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் இரவல் வாங்கிய லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தால், ஒவ்வொரு பொன்பொட்டிலும் கம்பி நுனி தேய்த்த ஒரு சிறு கீறல் தெரியும். எல்லாக் கீறல்களும் பொட்டின் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. ஓரத்திலிருந்து நான்காவது வரிசையில் மட்டும், ஒரு பொட்டில் கீறல் விளிம்புக்கு ஒதுங்கியிருந்தது. அதை அடுத்த பொட்டில் கீறலே இல்லை, அதற்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் உலர்ந்த பேஸ்ட் ஒரு கடுகளவு ஒட்டியிருந்தது.

சாக்கெட்டில் அந்த இடத்தைத் தேடினேன். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தபோதுதான், சரிவில் வெட்டிவிட்ட தேயிலை வரிசைபோல் ஒரே சீராக மின்னிய நுனிகளுக்கு நடுவே இரண்டு நுனிகள் மட்டும் மின்னாமல் இருந்தன. ஒரு கம்பி தாழ்ந்திருந்தது. மற்றது சாய்ந்து, அடுத்த கம்பியைத் தொட ஒரு நூலிடையே பாக்கியிருந்தது. தொட்டிருந்தால் இரண்டு தடங்கள் ஒன்றோடொன்று இணைந்து, ரேமோடு நில்லாமல் ப்ராசசரே போயிருக்கக்கூடும்.

ஜூனில் நடந்தது இப்போது விளங்கியது. பேஸ்டை மாற்ற ப்ராசசரைச் சாக்கெட்டிலிருந்து எடுக்கவே தேவையில்லை. இருந்த இடத்திலேயே மேல்பரப்பைத் துடைக்கலாம். அந்த இளைஞர் ஓரத்தில் வழிந்த பேஸ்டைத் துடைப்பதற்காக அதை வெளியே எடுத்து, திரும்ப வைக்கும்போது ஒரு மூலை சாய்ந்து கம்பிகளில் பட்டிருக்கிறது. கேட்டதும் அவர் ஒளிக்காமல் சொன்னார். அன்று கணினி எழுந்துவிட்டதால் அவருக்கு ஐயம் வரவில்லை. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்காதது நான்தான் என்பதால் பழியை அவர்மேல் போடுவதற்கில்லை.

ஐசோபுரொபைல் ஆல்கஹாலை ஊசிநுனியால் ஒரே துளி விட்டு, பேஸ்ட் இளகியதும் கைப்பம்பால் ஊதி வெளியேற்றினேன். பஞ்சையோ துணியையோ சாக்கெட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஒரு இழை மாட்டினால் பத்துக் கம்பிகளை இழுத்துக்கொண்டு வரும். பிறகு தையல் ஊசியைக் கட்டையில் செருகி, கம்பி எந்தத் திசையில் சாய்ந்ததோ அதற்கு நேர் எதிர்த் திசையில் மட்டும், ஒவ்வொரு முறையும் இம்மியளவாகத் தள்ளினேன். முன்னும் பின்னும் ஆட்டினால் உலோகம் களைத்து ஒடிந்துவிடும். சாய்ந்த கம்பி வரிசைக்கு வந்துவிட்டது. தாழ்ந்த கம்பி முழு உயரத்துக்கு வரவில்லை; மற்ற நுனிகளைவிடச் சற்றே மங்கலாக மின்னியது. இன்னும் ஒரு தள்ளல் தரலாமா என்று வெகுநேரம் யோசித்து, ஊசியைக் கீழே வைத்தேன். சட்டம் அழுத்தும்போது எல்லாக் கம்பிகளும் கணிசமாகக் கீழே இறங்குவதால், அந்தச் சிறு குறை தொடர்பைக் கெடுக்காது என்று கணித்தேன். முழு வேலைக்கும் நாற்பது நிமிடம் பிடித்தது.

ப்ராசசரின் முக்கோணக் குறியையும் இரு பக்க வெட்டுகளையும் சாக்கெட்டுடன் பொருத்தி, நகர்த்தாமல் நேர்கீழே விட்டு, நெம்புகோலை இறக்கினேன். ஹீட்சிங்கின் நான்கு பூட்டுகளையும் எதிரெதிர் மூலைகளாக அழுத்தினேன். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிய பிறகு மறுபக்கம் போனால் சாக்கெட்டில் அழுத்தம் கோணலாகும்.

தொடர்ந்து நடந்தவை

கணினி 8 ஜிபியுடன் எழுந்தது. ரேம் சோதனை நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டதில் ஒரு பிழையும் இல்லை. அணைத்துக் குளிரவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு நானே போய்ப் போட்டுப் பார்த்தேன். டிசம்பரிலும் ஜனவரியிலும், புல்லில் உறைபனி வெளுத்துக் கிடந்த நாட்களில் கணக்கர் அம்மாவைத் தினமும் பயாஸ் காட்டும் ரேம் அளவைக் குறித்துவைக்கச் சொல்லியிருந்தேன். எல்லா நாளும் 8192 (மெகாபைட் கணக்கில் 8 ஜிபி) என்றே எழுதியிருந்தார். ஜனவரியில் ஒருநாள் மட்டும் கணினி எழவில்லை என்று அழைத்தார். பதறிக்கொண்டு போனேன்; யுபிஎஸ் பேட்டரி தீர்ந்திருந்தது.

நிமிர்த்திய கம்பியை நம்பி நெடுங்காலம் இருக்கக் கூடாது என்று மேலாளரிடம் சொன்னபடி, மார்ச் மாதக் கணக்கை முடித்த கையோடு புதிய கணினி வந்தது. அதன் சாக்கெட் எல்ஜிஏ 1700. ஹீட்சிங்க் துளைகளின் இடைவெளி பழைய 75 மில்லிமீட்டரிலிருந்து 78 மில்லிமீட்டராகியிருந்ததால், பழைய ஹீட்சிங்கை அதில் பயன்படுத்த முடியவில்லை. பழைய கணினி எடை அறையிலேயே மாற்றாக இருக்கிறது; மாதம் ஒருமுறை அதைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

மாற்றிக்கொண்டவை

கணினி எழவில்லை என்று அழைப்பு வந்தால், எதையும் தேய்ப்பதற்கு முன் ஒற்றை ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வைத்துப் பார்ப்பதை முதல் வேலையாக்கிக்கொண்டேன். ஒரு ஸ்லாட்டில் எழுந்தால், அந்த நிலையிலேயே கணினியை விட்டுவிட்டு வாடிக்கையாளரின் வேலை நடக்க வழிசெய்கிறேன். காரணத்தைப் பிறகு தேடலாம். கையால் அழுத்தியதும் சரியாகும் பழுதுகளைத் தீர்ந்ததாக எழுதுவதில்லை.

பேஸ்ட் மாற்றும்போது ப்ராசசரை எடுக்கக் கூடாது என்பது கடையில் விதியாகிவிட்டது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், பக்கவாட்டு வெளிச்சத்தில் சாக்கெட்டை எடுக்கும் முன் ஒரு படம், வைக்கும் முன் ஒரு படம். புதுப் போர்டுகளோடு வரும் சாக்கெட் மூடிகளை முன்பு குப்பையில் போடுவோம். இப்போது ஒரு டப்பாவில் வகைவாரியாகச் சேர்த்துவைக்கிறோம், போர்டை மலையிலிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்ப நேர்ந்தால் மூடியில்லாமல் அனுப்புவதில்லை. அந்த இளைஞர் இப்போது தனியாகவே சாக்கெட் வேலைகளைச் செய்கிறார். பதிவேட்டில் அவர் எழுதும் வரியில், ப்ராசசர் எடுக்கப்பட்டதா இல்லையா என்பது முதலில் இருக்கும். இரண்டு சேனல்களிலும் பயாஸ் காட்டிய அளவு அதன் பக்கத்தில் இருக்கும்.